சொந்தமா என்று கேட்டார்கள்

மகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த அன்று காலையில், ஓர் இளம் பெண் டாக்டர் அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். எத்தனையாவது பிரசவம், மாதம் நிறைந்து பிறந்ததா, பிறந்ததும் அழுததா, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "சொந்தத்துல கல்யாணமா சார்?" என்றார்.

"இல்ல," என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

என் மனைவி என் தாய்மாமன் மகள்.

எங்கள் ஆட்கள் தாம்பரம் பக்கம் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்கள். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த குடும்பங்கள். நிலம் மனையாகி, மனை வீடாகி, வீடெல்லாம் வாடகைக்கும் விட்டாயிற்று. கல்யாணம் மட்டும் பழையபடி உள்ளுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. என் அம்மா தன் அத்தை மகனைக் கட்டிக்கொண்டார். நான் அம்மாவின் தம்பி மகளைக் கட்டிக்கொண்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதில் 'மாமா, மாமா' என்று என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்தவள் அவள். வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள்வேன் என்று நான் நினைத்ததே கிடையாது.

வெட்கம் வந்தது வேலைக்குப் போன பிறகுதான். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்து நாவலூர் போய்ச் சேரும் ஐ.டி. வேலை. சேர்ந்த புதிதில், மதியம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் மாமா பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் குழுத் தலைவன் வடக்கே இருந்து வந்தவன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் அவள் உனக்குத் தங்கை முறைதானே என்று இங்கிலீஷில் கேட்டான். மேஜையே சிரித்தது. சாம்பாரை எடுத்து அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். சும்மா சொன்னேன், தெரிந்த குடும்பம், அவ்வளவுதான் என்றேன்.

அன்றிலிருந்து 'தெரிந்த குடும்பம்' என்பதே என் பதில். கல்யாண வரவேற்புக்கு ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள், மேடையில் 'மாமா' என்று கூப்பிட்டுத் தொலைக்காதே, 'ஏங்க' என்று கூப்பிடு என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். முறைத்தாள். ஆனால் அன்று முழுக்க 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு வேலை மாறினேன், வீடு மாறினேன், அந்தப் பதிலை மட்டும் மாற்றவில்லை. யார் கேட்டாலும் நாக்கு தானாகச் சொல்லும். டாக்டர் கேட்டபோதும் அதுதான் சொன்னது. அவர் கேட்டது வம்புக்கு இல்லை, வைத்தியத்துக்கு என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

குழந்தை பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன்தான், ஆனால் மூன்று கிலோ இருந்தாள், ஆஸ்பத்திரி அதிரும்படி அழுதாள். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தாள். மூன்றாம் நாள் குடிப்பது குறைந்து தூங்கிக்கொண்டே இருந்தாள். என்ன சமர்த்துப் பிள்ளை, அழவே மாட்டேன் என்கிறதே என்று பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் காலையில் உள்ளங்காலைச் சுண்டினாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவள் போல இறைத்தது. அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரி பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது. மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவு, கதவுக்கு வெளியே செருப்புகள், பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி அண்ணன், எதிரே இரும்பு நாற்காலிகள். பார்க்கும் நேரம் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. அங்கே குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. அம்மாவின் பெயரைச் சொல்லி இன்னாருடைய குழந்தை என்று ஸ்பீக்கரில் கூப்பிடுவார்கள். கரகரத்த குரலில் எந்தப் பெயர் வருகிறது என்று தெரிவதற்குள் உட்கார்ந்திருக்கும் அத்தனை அப்பன்மாரும் எழுந்துவிடுவோம். "உன்து இல்ல சார், குந்து," என்பார் செக்யூரிட்டி அண்ணன். ஒரு நாளைக்கு இருபது தடவை எனக்கு அதைச் சொல்லியிருப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு நிம்மதி வரும், கூடவே யாருடைய குழந்தையோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிருமித் தொற்றாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம், பார்ப்போம், கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும். இந்த மூன்றுக்கு மேல் யாரிடமிருந்தும் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. நர்ஸிடம் கத்தினேன், மருந்துக்கடையில் கத்தினேன், லிஃப்ட் வரவில்லை என்று லிஃப்டைப் பார்த்துக் கத்தினேன். என் மகளுக்கு என்னவென்று சொல்லத் தெரியாமல் என்ன ஆஸ்பத்திரி நடத்துகிறீர்கள் என்று அந்த இளம் டாக்டரிடமே ஒரு நாள் எகிறினேன். பாவம், அந்தப் பெண் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்தவன் நான். எகிறியவனும் நானே.

பாலை நிறுத்திவிட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆறாம் நாள் மாலையில் கைகழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது அவள் கண்ணைத் திறந்திருந்தாள். என் சுண்டுவிரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். மருந்து கேட்கிறது சார், மூக்குக் குழாய் வழியாகப் பாலை ஆரம்பிக்கலாம் என்றார் நர்ஸ். கீழே வார்டில் படுத்திருந்த என் மனைவியிடம் ஓடினேன். தையல் வலியில் திரும்பிப் படுக்கவே அழுபவள், அன்று எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். முதல் தடவை ஐந்து மில்லி. அந்த ஐந்து மில்லிக்கு மாமா வார்டு முழுக்க லட்டு கொடுத்தார்.

மறுநாள் என் மனைவியை டிஸ்சார்ஜ் செய்தார்கள். பச்சை உடம்புக்காரி இரும்பு நாற்காலியில் உட்காரக் கூடாது என்று அவள் அம்மா ராஜகீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பாலை அங்கே எடுத்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த குப்பிகளில் ஊற்றி, ஐஸ்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டியில் நான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அன்று தீபாவளிக்கு முந்தின நாள்.

பெருங்களத்தூரில் தீபாவளிக்கு முந்தின நாள் மாலை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையே மூட்டை முடிச்சோடு தெற்கே கிளம்பி அந்த ஒரு இடத்தில் நிற்கும். பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர்கள் பாதி ரோட்டில், பஸ்கள் மீதி ரோட்டில். கால்களுக்கு நடுவில் பெட்டியை இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் அரை மணி நேரத்தில் நூறு அடி நகர்ந்திருப்பேன். ஐஸ் கரைகிறது என்ற நினைப்பிலேயே எனக்கு வெறி பிடித்துவிட்டது. தடுப்பில் இருந்த இடைவெளியில் வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கத்தில் இறங்கினேன். இருபது அடி போவதற்குள் டிராஃபிக் போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அவரிடமும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, கடைசியில் பெட்டியைத் திறந்து காட்டினேன். நான்கு சின்னக் குப்பிகள், அடியில் ஒரு விரல் அளவுக்குப் பால். அவர் பார்த்தார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, வாயில் விசிலை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். ஒரு ஆம்னி பஸ் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். மூட்டைகளோடு நின்றவர்கள் நகர்ந்தார்கள். என்னவென்று கேட்காமலே ஒரு அக்கா தன் பிள்ளைகளை ஓரமாக இழுத்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன். ஐஸ் முழுதாகக் கரையவில்லை. நர்ஸ் குப்பிகளை வாங்கிக்கொண்டதும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒரு அப்பனாக முதன்முதலில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டேன் என்று எனக்கு அத்தனை பெருமை.

அந்தப் பால் முழுவதையும் அவளுக்குக் கொடுத்தார்கள்.

தீபாவளி அன்று காலையில் அவள் விரலைப் பிடிக்கவில்லை. மதியத்துக்குள் வலிப்பு வந்தது, மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். வெளியே சரவெடி தொடர்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவள் எதற்கும் அசையவில்லை. மாலையில் பெரிய டாக்டர் அம்மா என்னை ஓர் அறைக்குக் கூப்பிட்டார். தலை நரைத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். பண்டிகை நாளில் புடவை மாற்றக்கூட வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். ஃபைலைப் புரட்டிக்கொண்டே, கல்ச்சரில் கிருமி எதுவும் இல்லை, பாலை நிறுத்தினால் தெளிகிறாள், கொடுத்தால் மோசமாகிறாள், அதுதான் எனக்கு இடிக்கிறது என்றார். ஒருவேளை பிறவியிலேயே உடம்பில் ஏதாவது குறை இருக்கலாம், அந்த மாதிரி பெரும்பாலும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் வீட்டில்தான் பார்ப்போம் என்றார்.

"இதுல சொந்தம் இல்லன்னு போட்டிருக்கு. நிச்சயம்தானே? தூரத்துச் சொந்தம்கூட இல்லையே?"

முதல் தடவை சொன்னது பழக்கம். இந்த இரண்டாவது தடவைக்குத்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது. கேள்வி எதற்கு என்று இப்போது தெரியும். உண்மையைச் சொன்னால், நான்கு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். பக்கத்தில் அந்த இளம் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம்தான் நான் அப்படி எகிறியிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது, "இல்ல மேடம், தெரிஞ்ச குடும்பம்."

வீட்டில் சின்னக் குழந்தை ஏதாவது தவறியிருக்கிறதா என்றும் கேட்டார். எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஒரு பெண் பிறந்து, பத்து நாள்கூடத் தங்காமல் போயிற்று. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். தெரியவில்லை மேடம் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, எதற்கும் பிறவிக் குறைக்கான பரிசோதனையையும் செய்துவிடுவோம், ஆனால் முதலில் மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். பாலை நிறுத்தச் சொன்னார். நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திரும்பி உள்ளே போய்ச் சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுக்கும் எனக்கும் பத்தடி தூரம்தான். நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் யார் தடுத்தும் கேட்காமல் என் மனைவி ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாளாம். பெரிய டாக்டர் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கர்ப்ப காலத்தைப் பற்றிப் பொதுவாக விசாரித்தார். அப்புறம் வீட்டில் எல்லோரும் எந்த ஊர், கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார்.

"இவரு என் அத்தைப் பையன்தான் மேடம்," என்றாள் அவள். தன் பெயரைச் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். "சின்ன வயசுலயே பேசி வெச்சது."

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "ரெண்டு தடவை கேட்டேனே சார்," என்று மட்டும் சொன்னார்.

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. டாக்டரிடம் திரும்பி, எங்க அத்தைக்கு மூத்தது ஒண்ணு பிறந்து பால் குடிக்காமல் போயிற்று மேடம், அதையாவது சொன்னாரா என்று கேட்டாள். டாக்டர் உடனே எழுந்து உள்ளே விரைந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தத்தை ஐஸில் வைத்து ஆள் மூலம் வெளி லேபுக்கு அனுப்பினார்கள். மதியத்துக்குள் முடிவு வந்தது. ரத்தத்தில் அம்மோனியா ஏறிக்கிடந்தது. பாலில் இருக்கும் புரதத்தை உடைத்து, கழிவை வெளியேற்ற உடம்புக்கு ஒரு என்சைம் வேண்டும், அது இவளுக்கு இல்லை என்றார் டாக்டர். வெளியேறாத கழிவு மூளைக்குப் போகிறது. தாய்ப்பாலா, மாட்டுப்பாலா என்பதெல்லாம் இல்லை, எந்தப் பாலும் அவளுக்கு ஆகாது. என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

ஆம்புலன்ஸில் நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பிழைத்தாள். அங்கேயும் காத்திருந்தோம், எந்த என்சைம், எந்த மரபணு என்ற அறிக்கைக்காக மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் என் மனைவிக்குப் பால் ஊறிக்கொண்டே இருந்தது. மருந்து சாப்பிட்டு வற்றும் வரைக்கும் அவள் கழுவும் தொட்டியில் பிழிந்து ஊற்றினாள். நான் வாசலில் நிற்பேன். வேண்டாம் போ என்றும் சொல்ல மாட்டாள், வா என்றும் சொல்ல மாட்டாள்.

அறிக்கை வந்த அன்று, உங்கள் இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை இருக்கிறது, ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் என்று விளக்கினார்கள். என் மனைவி அறையை விட்டுப் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அங்கிருந்த டாக்டரிடம், முதல் நாளே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் அதை முன்பே பலர் சொல்லிக் கேட்டவர் போல இருந்தார். முதல் நாளே தெரிந்திருந்தால் பாலைத் திரும்ப ஆரம்பித்திருக்க மாட்டார்கள் என்றார். பாதிப்பு எவ்வளவு என்பது குழந்தை வளர வளரத்தான் தெரியும் என்றும் சொன்னார்.

இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் அவளுக்கு ஒரு வயது. சிரிக்கிறாள், குரல் வந்த பக்கம் கண்ணைத் திருப்புகிறாள். குப்புற விழவில்லை, உட்காரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் தாம்பரத்தில் பிசியோதெரபி. அவளுக்கென்று வரும் தனி மாவைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, கரைத்துக் கொடுக்கிறோம்.

இத்தனை மாதத்தில் என் மனைவி அந்த விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என் அம்மாவிடம் சொல்லவில்லை, தன் அப்பாவிடமும் சொல்லவில்லை. சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று மாமா தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதுகூட அவள் சும்மா இருந்தாள். திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும். மாமியாரும் அம்மாவும் என்னைத் தங்கமான அப்பா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ஒரு காலை, மாவை நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். என்னைக் கட்டிக்கினதுல உனக்கு வெக்கமா மாமா?"

சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அவசரத்தில் வாய் குளறிவிட்டது, பயத்தில் சொல்லிவிட்டேன், உன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாதா. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அதில் பாதி உண்மையும்கூட.

"ஆமா," என்றேன். "வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். கரண்டி நுனியில் ஒட்டியிருந்த மாவைத் தராசில் தட்டினாள், எண் சரியாக வரும் வரை பார்த்தாள். பிறகு தண்ணீரை ஊற்றிக் கலக்கினாள்.

"சரி, புள்ளையைத் தூக்கினு வா," என்றாள். "கழுத்துக்குக் கை குடுத்துத் தூக்கு. இன்னும் நிக்கல."